வெள்ளை வேன்

குழு: திருவையாறு குடும்பம்
ஞாயிறு

நிவேதா, இரவு 8:12
சாந்தி அத்தை, ஒன்று கேட்கவா? 2002-ல் நீங்கள் அமெரிக்காவில் மேரிலாண்டில்தானே இருந்தீர்கள்? நான் படிக்கப் போகிற பக்கத்திலேயே அப்போது கண்ணில் பட்டவர்களையெல்லாம் மறைந்திருந்து சுட்டார்களாமே. இன்று ஒரு வீடியோ பார்த்தேன். அதிலிருந்து மனசே சரியில்லை.

ரவி, 8:15
அந்த மூன்று வாரம் எனக்கும் மறக்காது. ராத்திரி ஐஎஸ்டி பூத்தில் நின்று அக்காவுக்கு போன் போடுவேன். லைன் கிடைக்காமல் திரும்பி வந்தால் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு சாப்பிடாமல் எழுந்துவிடுவார்.

சாந்தி, 8:21
ஆமாம் நிவி. ராக்வில்லில் இருந்தோம். அக்டோபர் 2 சாயங்காலம் தொடங்கியது. ஆஸ்பென் ஹில்லில் ஒரு கடைக் கண்ணாடியைக் குண்டு துளைத்தது, யாருக்கும் அடியில்லை. முக்கால் மணி நேரத்தில் வேறொரு கடையின் பார்க்கிங்கில் ஒருவர் செத்து விழுந்தார். மறுநாள் காலை இரண்டரை மணி நேரத்துக்குள் நான்கு பேர்.

சாந்தி, 8:25
புல் வெட்டிக்கொண்டிருந்தவர். டாக்ஸிக்கு பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர், அவர் இந்தியாவிலிருந்து போய்க் குடியேறியவர். தபால் ஆபீஸ் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண். காரை வாக்குவம் போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஓர் இளம் தாய். ஒருவருக்கொருவர் சம்பந்தமே கிடையாது. திருடன் என்றால் நகையைக் கழற்றி வைக்கலாம். பகை என்றால் பகையாளி யாரென்று தெரியும். இதில் எதைச் செய்தால் தப்பிக்கலாம் என்றே தெரியவில்லை.

நிவேதா, 8:26
அப்புறம் எப்படித்தான் வெளியே போனீர்கள்?

சாந்தி, 8:34
போகத்தானே வேண்டும். பெட்ரோல் போடும்போது பம்புக்கும் காருக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்துகொள்வோம். சில பெட்ரோல் பங்க்குகளில் ரோட்டிலிருந்து ஆள் தெரியாதபடி பெரிய தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கடை வாசலில் யாரும் நேராக நடக்க மாட்டார்கள், வளைந்து வளைந்து ஓடுவார்கள்.
அந்த வருஷம் நவராத்திரி அக்டோபர் 7-ல் தொடக்கம். அன்று காலைதான் போவியில் பள்ளிக்கூட வாசலில் 13 வயதுப் பையனைச் சுட்டார்கள். நாங்கள் போகிற லான்ஹாம் சிவா விஷ்ணு கோவிலுக்கு அது ரொம்ப தூரமில்லை. எங்கள் மாவட்டமான மாண்ட்கோமரியின் போலீஸ் தலைவர் சார்லஸ் மூஸ் கேமராக்களுக்கு முன்னாலேயே கண்கலங்கிவிட்டார்.

சாந்தி, 8:39
மூன்று படி கொலு வைத்திருந்தேன். என் சிநேகிதி ஒருத்தி பட்டுப்புடவையோடு காரிலிருந்து வாசலுக்கு ஓடி வந்தாள். கொசுவம் தடுக்கி, படியில் விழுந்து முழங்கை சிராய்த்துவிட்டது. உள்ளே வந்து குங்குமச் சிமிழைத் திறக்கிறாள், கை நடுங்கிப் பாதி தரையில் கொட்டியது. திரைகளை இழுத்து மூடிவிட்டு, குத்துவிளக்கு வெளிச்சத்தில் சத்தம் வெளியே கேட்காமல் இரண்டு பாட்டு பாடினோம். சுண்டலை டப்பாவில் போட்டுக் கொடுத்து, அவள் கார் கிளம்புகிற வரை கதவிடுக்கில் நின்று பார்த்தேன்.

கார்த்தி, 8:44
எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் 'கோட் ப்ளூ' என்பார்கள். வெளிக்கதவைப் பூட்டி, ஜன்னல் பிளைண்டை இறக்கிவிடுவார்கள். மைதானத்துக்கு விடமாட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கினால் அம்மா ஒரு பக்கமாக என்னை ஒட்டிக்கொண்டே நடப்பார். இடிக்காதே என்று கத்துவேன். எனக்கும் ரோட்டுக்கும் நடுவில் நடந்திருக்கிறார் என்பது பெரியவனான பிறகுதான் புரிந்தது.

நிவேதா, 8:46
கார்த்தி அண்ணா... 🥺
வீடியோவில் வெள்ளை வேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களே, சுட்டவன் அதில்தான் வந்தானா?

கார்த்தி, 8:52
வெள்ளை வேனே கிடையாது. நீல நிற செவ்ரோலே கப்ரீஸ், 1990 மாடல். டிக்கியில் ஓட்டை போட்டு, உள்ளே படுத்தபடி சுட்டிருக்கிறார்கள். டிவி நிபுணர்கள் பலர் 'தனி ஆள், வெள்ளைக்காரன்' என்றார்கள். இருந்தது இரண்டு கறுப்பினத்தவர்: ஜான் ஆலன் முகமது, 41 வயது. லீ பாய்ட் மால்வோ, 17 வயது. அந்தக் கார் நம்பரைப் போலீசே பல முறை செக் செய்து போகவிட்டிருக்கிறார்கள். அலபாமாவில் ஒரு கொள்ளையில் கிடைத்த கைரேகையை வைத்துத்தான் பெயர் தெரிந்தது. அக்டோபர் 24 அதிகாலை, நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காரில் தூங்கும்போது பிடித்தார்கள். அதற்குள் 10 பேர் செத்துவிட்டார்கள், 3 பேருக்குக் காயம். முகமதுவுக்கு 2009-ல் மரண தண்டனை நிறைவேற்றினார்கள்.

சாந்தி, 9:03
வெள்ளை வேன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மாமாவுக்கு மட்டும்தான் தெரியும்.
யாரோ முதலில் வெள்ளை வண்டியைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், ஒவ்வொரு முறையும் ரோட்டை மறித்து வெள்ளை வேன்களை நிறுத்தினார்கள். அந்த ஊரில் பிளம்பர், எலக்ட்ரீசியன், பார்சல்காரர் எல்லோருக்கும் வெள்ளை வேன்தான். எங்கள் அபார்ட்மெண்டில் ஹீட்டர் ரிப்பேருக்கு ஒருவர் வருவார், ஸ்பானிஷ் பேசுகிறவர். முந்தின வருஷம் கார்த்திக்குத் தன் டார்ச் லைட்டைக் கையில் கொடுத்து விளையாட விட்டவர். அவர் வேன் ஒரு மணி நேரம் நின்றது என்று போலீஸ் எண்ணுக்கு போன் செய்து, நம்பரைச் சொல்லிவிட்டேன்.
நடுரோட்டில் இறக்கிக் கையைத் தூக்கச் சொன்னார்களாம். அபார்ட்மெண்ட் மானேஜர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
நவம்பரில் எங்கள் வீட்டுக்கே வந்தார். மண்டியிட்டு ஹீட்டரைக் கழற்றி, தூசி தட்டி, சரி செய்து கொடுத்தார். காபி போட்டுக் கொடுத்தேன். போன் செய்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இன்றும் உறுத்துகிறது.

ரவி, 9:06
அக்கா, இத்தனை வருஷம் இதை மனசில் வைத்துக்கொண்டா இருந்தாய்?

கார்த்தி, 9:07
அந்த டார்ச் எனக்கு ஞாபகம் இருக்கிறது அம்மா. மஞ்சள் கலர்.

சாந்தி, 9:12
ஆமாம்டா, மஞ்சள்தான்.
நிவி, பயமுறுத்த இதையெல்லாம் சொல்லவில்லை. பிடித்த அன்று காலை மாமா பெட்ரோல் போடப் போனார். நிமிர்ந்து நின்று போட்டார். அடுத்த பம்பில் நின்ற பெரியவர், முன்பின் தெரியாதவர், வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாராம். அங்கேயும் நம்மைப் போன்ற மனுஷர்கள்தான்.

பாட்டி (ரவி போனிலிருந்து), 9:20
ரவி எல்லாம் வாசித்துக் காட்டினான். சாந்தி, அந்தப் பதிமூன்று வயதுப் பிள்ளை என்ன ஆனான்?

சாந்தி, 9:22
பிழைத்துவிட்டான் அம்மா. அன்றைக்கு அவனைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டதே அவன் அத்தைதான். நர்ஸாம். தன் காரிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். பிறகு அவன் கோர்ட்டுக்கு வந்து சாட்சியும் சொன்னான்.

பாட்டி (ரவி போனிலிருந்து), 9:24
நன்றாக இருக்கட்டும். அந்த அத்தையும்.

நிவேதா, 9:25
அத்தை, நாளைக் காலை போன் செய்கிறேன். அங்கே எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்று உங்களிடம்தான் கேட்க வேண்டும்.