பெல்ட் அறுவடை வண்டியின் அடிப்பாகத் தேய்மானம்: அனுபவப் பகிர்வு

சேரன்மகாதேவியிலிருந்து:

பிசானப் பருவ நெல் அறுவடையின் நடுவில் சுற்றாமல் நின்றுபோன ஒரு ரோலரைப் பற்றி எழுதுகிறேன். பெல்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அடிப்பாகத்தை விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்குச் சொன்னால், சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி அது, பெல்ட்டின் உள்ளே வரிசையாக இருந்து எடையைத் தாங்கிச் சுழலும் உருளைகளே ரோலர்கள். பத்தமடைப் பக்கம் தண்ணீர் முழுவதும் வடியாத வயலில் அறுத்து முடித்து வண்டியைக் கரையேற்றி நிறுத்தினோம். இடப்பக்கத்து ரோலர்கள் எல்லாவற்றின் மேலும் தொளி ஈரமாக வழிந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து இரண்டாவது ரோலரின் மேல் மட்டும் சேறு காய்ந்து, வெடிப்பு விட்டு, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கையை அருகில் கொண்டுபோனபோதே அனல் அடித்தது. ரோலர் இறுகி நின்றுவிட, பெல்ட்டுக்குள் பதிந்திருக்கும் இரும்புக் கட்டைகள் அதன் மேல் உரசி உரசி ஒரு பக்கத்தை மட்டும் தட்டையாகத் தீட்டியிருந்தன.

அது சீசன் தொடங்கும் முன் புதிதாகப் போட்ட ரோலர் என்பதால்தான் இன்று வரை மனம் ஆறவில்லை. பட்டறையில் கழற்றியபோது தண்டைச் சுற்றி வைக்கோல் கயிறாகத் திரிந்து இறுகியிருந்தது. அதனுடன் எங்கிருந்தோ வந்த ஒரு நைலான் இழையும் சேர்ந்து ஆயில் சீலின் உதட்டை அறுத்திருந்தது. உள்ளே கிரீஸ் மோர் போல வெளுத்துக் கிடந்தது. ஆனால் வைக்கோல் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வண்டியைக் கழுவக் கொடுத்த இடத்தில் அழுத்தப் பம்பின் தண்ணீரை ரோலரின் பக்கவாட்டில், ஒரு சாண் தூரத்தில் வைத்து நேராகப் பீய்ச்சினார்கள். கிரீஸை வெளியே விடாமலும் சேற்றை உள்ளே விடாமலும் காப்பதற்குத்தான் சீல் இருக்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க அது செய்யப்படவில்லை.

இப்போது மாலையில் இன்ஜினை நிறுத்தியவுடன் வைக்கோலைக் கொக்கியால் இழுத்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு ரோலரின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்க்கிறோம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், அதை மாற்றாமல் மறுநாள் வயலில் இறங்குவதில்லை. உங்கள் வண்டிகளில் முதலில் நின்றுபோவது எந்த ரோலர் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

களக்காட்டிலிருந்து:

சேரன்மகாதேவி அண்ணாச்சி சொன்ன அந்தக் காய்ந்த சேற்றைப் படித்தவுடன் எனக்குக் காஷ்மீர் நினைவுக்கு வந்தது. ராணுவத்தில் வாகன மெக்கானிக்காக இருந்தபோது, குல்மார்க் பகுதியில் பனியில் ஓடும் ஸ்னோ ஸ்கூட்டர்களைப் பழுதுபார்த்திருக்கிறேன். அந்த வண்டியிலும் ரப்பர் பெல்ட்தான். ஆனால் அதன் எடையை முழுவதும் ரோலர்கள் தாங்குவதில்லை. பெல்ட்டுக்குள் இருக்கும் இரண்டு நீளமான தண்டவாளங்களின் அடியில் பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகியிருப்பார்கள். பெல்ட்டில் உள்ள உலோகக் கிளிப்புகள் அந்தப் பட்டையின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

பனி உருகத் தொடங்கிய ஒரு பங்குனி மாதத்தில், தார் தெரியும் அளவுக்குப் பனி கரைந்திருந்த சாலையில் ஒரு வண்டியை வேகமாக ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிளாஸ்டிக் கருகிய வாடை தூரத்திலேயே வந்தது. மறுநாள் காலையில் வண்டியை நகர்த்த முடியவில்லை, ஏனென்றால் உருகிய பட்டை கிளிப்புகளின் மேல் படிந்து, இரவுக் குளிரில் இறுகிப் பெல்ட்டை அப்படியே பிடித்துக்கொண்டது. கடப்பாரையால் நெம்பியபோது கிளிப்பின் அச்சு ஒவ்வொன்றும் பட்டையில் பள்ளமாகப் பதிந்திருந்ததைப் பார்த்தேன்.

அந்தப் பட்டை மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனால் ஆனது; ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகிவிடும். அதற்கு எண்ணெயும் கிரீஸும் கிடையாது. பெல்ட் வாரி இறைக்கும் பனிதான் அதைக் குளிர்விக்கிறது, வழுக்கவும் வைக்கிறது. ஆகவே இறுகிய பனிக்கட்டியின் மேல் ஓட்ட நேரும்போது, தண்டவாளத்தில் சுரண்டு கம்பிகளைப் பொருத்திப் பனிக்கட்டியைக் கீறிப் பனித்தூளைப் பட்டைக்குத் தருவார்கள், அல்லது கூடுதல் சக்கரங்களைப் போட்டுப் பட்டையின் பாரத்தைக் குறைப்பார்கள். முன்பக்க சஸ்பென்ஷனைக் கட்டியிருக்கும் வாரை மிகவும் இழுத்துவைத்தால், பட்டையின் முன் வளைவு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

சஸ்பென்ஷன் தண்டுகளுக்கு உரிய காலத்தில் கிரீஸ் அடிக்காவிட்டால், தண்டைச் சுற்றியிருக்கும் புஷ்கள் துருவேறி இறுகிவிடும். பிறகு தண்டையே அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சிறு சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தாலே கரகரப்பு தெரிந்துவிடும். அண்ணாச்சியின் ரோலருக்கும் அதுவே முதல் சோதனை. பெல்ட்டைப் பொறுத்தவரை, கொஞ்சம் தளர்வாக இருப்பதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே அதிகக் கேடு என்பது நான் அங்கே கண்டது. இறுக்கினால் பேரிங்கும் பட்டையும் சேர்ந்தே போகும்.

நாங்குநேரியிலிருந்து:

களக்காட்டு அண்ணாச்சி அவர்கள் கடைசியில் சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது பனிக்குப் பொருந்தலாம், எங்கள் சரள் நிலத்துக்குப் பொருந்தாது. தளர்ந்த பெல்ட்டோடு வரப்பைச் சாய்வாக ஏறியபோது எங்கள் வண்டியின் பெல்ட், முன் சக்கரத்திலிருந்து கழன்று, வழிகாட்டும் இரும்புக் கட்டைகளின் ஓரங்களைச் சீவித் தள்ளிவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வர, வயலில் பாதி நெல் நிற்க, வயல்காரர் ஒரு வார்த்தையும் பேசாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது.

பெல்ட்டின் இழுப்பைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் சேற்றை முழுவதும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பெல்ட்டை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கும் பெல்ட்டுக்கும் இடையே சேறு அடைத்திருக்கும்போது தளர்ந்த பெல்ட்டும் இறுக்கமாகத்தான் தெரியும். சமதரையில் வண்டியை ஜாக்கியால் தூக்கி, கீழே முட்டுக்கட்டை கொடுத்த பிறகு, பெல்ட்டைக் கொஞ்ச தூரம் சுற்றவிட்டு நிறுத்தி, நடு ரோலருக்கும் பெல்ட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி தொங்குகிறது என்று அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். புதுப் பெல்ட் தொடக்கத்தில் நீளும் என்பதால், அதைப் போட்ட சில நாள்களில் மீண்டும் அளந்தாக வேண்டும். தொளி அதிகமான வயலில், கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் தளர்ந்த பக்கமாக வைப்பதை நானும் ஏற்கிறேன். அதற்கு மேல் தளர்த்தினால் ஸ்பிராக்கெட் பல் தாண்டும். பல் ஒவ்வொரு முறை தாண்டும்போதும் இரும்புக் கட்டையின் மேல் அடி விழுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பெல்ட்டை மாற்றும்போது ஸ்பிராக்கெட்டின் பல்லைப் பார்க்காமல் மாற்றுகிறவர்கள் நம் பக்கம் அதிகம். பல் கொக்கிபோல் வளைந்திருந்தால், புதுப் பெல்ட்டை அது வெகு சீக்கிரத்தில் தின்றுவிடும். தேய்மானம் ஒரு முகத்தில் மட்டும் இருந்து, ஸ்பிராக்கெட் இருபுறமும் ஒரே வடிவமாக இருந்தால், இடம் வலம் மாற்றிப் போட்டுத் தேயாத முகத்தை வேலைக்குக் கொண்டுவரலாம். பெல்ட்டின் ரப்பரில் ஆழமான வெட்டு விழுந்தால் அதையும் சும்மா விடக்கூடாது. உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிகளைத் தண்ணீர் தொட்டுத் துருப்பிடிக்கச் செய்யும், வெளியே நன்றாகத் தெரிகிற பெல்ட் ஒருநாள் பாதியில் அறுந்துவிடும். வரப்பைச் சாய்வாக அல்லாமல், நேர்க்குறுக்காக ஏறி இறங்க வேண்டும். முடிந்தால் பலகை போட வேண்டும்.

கடையத்திலிருந்து:

அண்ணன்மார் எல்லோரும் கருவியைப் பற்றியே எழுதுகிறீர்கள், ஓட்டுகிற கையைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் வீட்டு வண்டியின் வரவு செலவை நான்தான் எழுதுகிறேன். ஆழ்வார்குறிச்சி சாலையில் லாரியிலிருந்து இறக்கிய வண்டியை, வாடகை ஓட்டுநர் நின்ற இடத்திலேயே முழுவட்டம் திருப்பினார். தார்ச்சாலையில் இரண்டு கரிய வளையங்கள் ரப்பராகவே ஒட்டியிருந்தன. நான் குனிந்து நகத்தால் சுரண்டியபோது தூளாக வந்தது. அறுவடைக்கு மணிக்கணக்கில் வாடகை வாங்குவதால் ஓட்டுநருக்கு அவசரம், வயல்காரருக்கும் அவசரம். ஆனால் ஒரு பெல்ட்டை நிறுத்திவைத்து மறு பெல்ட்டை மட்டும் ஓட்டித் திருப்பும்போது, ரோலரின் விளிம்பும் சீலும் பக்கவாட்டில் வாங்கும் பாரத்தை இருவரும் பார்ப்பதில்லை. வயலின் தலைமாட்டில் அகலமாகத் திருப்பினால் போதும், சில நிமிடங்கள்தான் கூடுதலாகும். வாடகைப் பேச்சின்போதே அந்த நிமிடங்களைச் சேர்த்துப் பேசிவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

சேரன்மகாதேவியிலிருந்து:

கடையம் தங்கச்சி சொன்னது முழுவதும் உண்மை. எங்கள் வண்டியில் இடப்பக்கத்து ரோலர்களே முதலில் போகின்றன. ஓட்டுநர் எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பும் வழக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று இதைப் படித்த பிறகு தோன்றுகிறது. களக்காட்டு அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி: ரோலருக்கு பேரிங் வாங்கும்போது ரப்பர் சீல் உள்ளதை வாங்குவதா, தகட்டு மூடி உள்ளதை வாங்குவதா?

களக்காட்டிலிருந்து:

பேரிங்கின் எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். ஸ்னோ ஸ்கூட்டரின் சிறு சக்கரங்களில் பரவலாக வரும் 6205 பேரிங்கை எடுத்துக்கொண்டால், உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். எந்தக் கடையில் வாங்கினாலும் இந்த அளவு மாறாது. 2ஆர்எஸ் என்று இருந்தால் இருபுறமும் ரப்பர் சீல், இசட்இசட் என்று இருந்தால் இருபுறமும் தகட்டு மூடி. தகட்டு மூடி பேரிங்கின் உள்வளையத்தைத் தொடாது, இடைவெளி இருக்கும். தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. திறந்த பேரிங்கும் தனி ஆயில் சீலுமாகக் கம்பெனி கொடுத்திருந்தால் அதை மாற்ற வேண்டாம், அங்கே உள்ளே இருக்கும் எண்ணெயோ கிரீஸோ பேரிங்கைச் சென்றடைய வேண்டும். மூடிய பேரிங் கொடுத்திருந்தால் ரப்பர் சீல் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். சீலை மாற்றும்போது, அதன் உதடு உட்காரும் தண்டில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் புது சீலும் கசியும், தண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

நாங்குநேரித் தம்பிக்கு: கையேட்டு அளவுக்குள் தளர்ந்த பக்கமாக வைக்க வேண்டும் என்பதுதான் நானும் சொல்ல வந்தது.