பத்து மில்லிசெகண்டில் உயிர் இருக்காம்!

கிரிட்வாசி:
நேற்று ஒரு டிரம்மர் தீர்ப்பே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படிக்காதவர்களுக்காக அவர் வாக்குமூலம் அப்படியே: "மனுஷன் வாசிச்சா அடி பத்து மில்லிசெகண்ட் முன்னபின்ன விழும். அந்தப் பத்துலதான் பாட்டோட உயிர். கம்ப்யூட்டர் எல்லாத்தையும் திரையில இருக்கற தாளக் கோட்டு மேலயே போட்டுக் கொன்னுடுது. இப்ப பாட்டு போடறவனுக்கும் திரும்பத் திரும்ப ஓடற நாலு பார் (தாளச் சுத்து) லூப்பைத் தாண்டி யோசனை ஓடல." இதுக்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேற.

பத்து மில்லிசெகண்ட்னா எவ்வளவுன்னு சாருக்குத் தெரியுமா? காத்துல சத்தம் ஒரு மில்லிசெகண்டுக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். டிரம்ஸுக்குப் பத்தடி தள்ளி பேஸ் கிடார்க்காரர் நின்னார்னா அடி அவர் காதுக்கு வரவே அந்தப் பத்து ஆயிடும். அப்ப உயிர் பத்தடியில இருக்கா? ரெண்டடி பின்னால நகர்ந்தா இன்னும் கொஞ்சம் உயிர் வருமா?

நான் வேலை செய்யற சாஃப்ட்வேர் ஒரு பீட்டை 960 துண்டாப் பிரிக்குது. நிமிஷத்துக்கு 120 பீட் வேகத்துல ஒரு துண்டு அரை மில்லிசெகண்ட். உங்க பத்தை நான் இருபது இடத்துல வைக்கலாம். உயிர் எந்த இடத்துல வேணும்னு சொல்லுங்க, வச்சுத் தர்றேன்.

தோல்_குச்சி:
அந்த டிரம்மர் நான்தான். பேரைச் சொல்லாம முதுகுக்குப் பின்னால பேசினதுக்கு நன்றி தம்பி.

பத்தடி கணக்கு நல்லா இருக்கு, ஆனா கேள்வியே தப்பு. பத்தடி தள்ளி நின்னா எல்லா அடியும் ஒரே அளவு தாமதமாத்தான் வரும். நான் சொன்னது அது இல்ல. ஸ்னேர்ங்கற சின்ன டிரம் ஒரு மயிரிழை பின்னால உக்காரும். ஹைஹாட் தட்டு முன்னால தள்ளும். கால்ல அடிக்கற கிக் நடுவுல நிக்கும். சரணத்துக்குள்ள நுழையறப்ப பாடறவர் மூச்சு எடுக்கறதைப் பாத்து நான் கொஞ்சம் பிடிச்சு வச்சு விடுவேன். அடிக்கு அடி மாறுது, ஆளுக்கு ஆள் மாறுது. இதை அளந்து வைக்கலாம்னா சரி. எங்கே வைக்கணும்னு உனக்கு யார் சொல்லுவா?

கிரிட்வாசி:
பத்தடிக்குப் பதில் வரல. குறிச்சுக்கறேன்.

அப்புறம் "தம்பி" வேண்டாம். எனக்கு வயசு 43.

தோல்_குச்சி:
43ன்னா தம்பிதான்.

கேபிள்_சுருட்டி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பத்தடி என்பது 3.05 மீட்டர். அறை வெப்பத்தில் சுமார் 9 மில்லிசெகண்ட்தான் ஆகும். பத்து வேண்டுமென்றால் பதினொன்றேகால் அடி தள்ளி நிற்க வேண்டும். ஒலிபெருக்கி அடுக்குவதுதான் என் பிழைப்பு, இந்தக் கணக்கில் தப்பு விட்டால் கடைசி வரிசைக்காரர் திட்டுவார்.

கிரிட்வாசி:
"ஏறக்குறைய"ன்னு ஒரு சொல் தமிழ்ல இருக்கு சார்.

கேபிள்_சுருட்டி:
அந்தச் சொல்லை நீங்கள் பத்தடிக்குப் போடவில்லை. 34 சென்டிமீட்டருக்கு மட்டும் "சுமார்" போட்டீர்கள். மேலே பாருங்கள்.

செவ்வியன்:
மில்லிநொடி என்று அழகாக எழுதலாமே. கணினி என்ற சொல் வந்து எத்தனை காலம் ஆயிற்று, இன்னும் கம்ப்யூட்டரா? இசையின் உயிரைப் பற்றிப் பேச வந்தவர்கள் மொழியின் உயிரை எடுக்கிறீர்கள்.

தோல்_குச்சி:
ஐயா, மில்லிநொடின்னு சொன்னா ஸ்னேர் சரியா விழுமா? விழும்னா நாளையிலேர்ந்து சொல்றேன்.

நடுநிலைநாயகம்:
ஒரு சின்ன வேண்டுகோள். "கம்ப்யூட்டர் இசை" என்று எதைச் சொல்கிறோம்? டேப்புக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வதா, வாசித்ததைத் திருத்துவதா, வாசிக்காமலே கட்டுவதா, இல்லை அதுவாகவே பாட்டுப் போடுவதா? இதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும்.

கிரிட்வாசி:
அதெல்லாம் அப்புறம். முதல்ல பத்தடி.

சரி, எங்கே வைக்கணும்னு யார் சொல்லுவான்னு கேட்டீங்க. என் காது சொல்லும். உங்களுக்குக் காது குச்சியோட சேர்த்துத்தான் வருமா? டிரம் மெஷின் கட்டின ரோஜர் லின் 1980லயே அதுல ஸ்விங், அதாவது அடியைக் கொஞ்சம் தள்ளி வைக்கற நடை, வச்சுட்டார். ரெண்டாவது பதினாறாம் பங்கு அடியை 50 சதவீதத்துல வச்சா நேர், 66ல வச்சா மூணாப் பிரிச்ச நடை. நடுவுல 54, 58ன்னு வச்சுக் கேட்டுப் பாருங்க, தலை தானா ஆடும். உயிர் மனுஷன் கையில மட்டும் இருந்தா அந்தத் தலை எதுக்கு ஆடுது?

தோல்_குச்சி:
தலை ஃபேன் காத்துக்கும் ஆடும்.

சரணம்_இரண்டு:
நான் பாடுகிறவள். டிரம்ஸை விடுங்கள், குரலைக் கேளுங்கள். 1997ல் சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருள் வந்தது. அதைச் செய்தவர் அதற்கு முன்னால் எண்ணெய் தேடுவதற்காகப் பூமிக்குள் அதிர்வு அனுப்பி ஆராய்ந்த துறையில் இருந்தவர். பாறைக்குள் எண்ணெய் தேடிய கணக்கு என் தொண்டைக்குள் சுருதி தேடுகிறது, அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வளைத்துப் போகும் கமகத்தை அது பிழை என்று நினைக்கிறது. திருத்தும் வேகத்தைக் கூட்டி வைத்தால் வளைவு படிக்கட்டாகிவிடும். ஒருமுறை நான் மூன்று மணி நேரம் கஷ்டப்பட்டு ஒரு அசைவை வரவழைத்தேன், வெளியான பாட்டில் அங்கே மூன்று தட்டையான சுரம் வரிசையில் நின்றது. என் குரலில் யாரோ வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி.

கிரிட்வாசி:
அது மென்பொருள் குத்தம் இல்லம்மா, திருத்தினவர் குத்தம். வேகத்தைக் குறைச்சு வச்சா வளைவு வளைவாவே இருக்கும். கத்தி கைய வெட்டிடுச்சுன்னு கொல்லன் மேல கேஸ் போடக் கூடாது.

சரணம்_இரண்டு:
திருத்தினவர் நீங்கள் இல்லை என்று நம்புகிறேன். போன வருடம் நீங்களே "நாற்பது ப்ராஜெக்ட் எட்டு பாரோட நிக்குது, ஒண்ணையும் முடிக்க முடியல" என்று புலம்பினீர்கள். நாலு பார் லூப் பற்றி டிரம்மர் சொன்னதற்கு மட்டும் ஏன் பதில் இல்லை?

கிரிட்வாசி:
அது வேற பேச்சு. பழைய கணக்கெல்லாம் இங்க எதுக்கு?

தோல்_குச்சி:
வேற பேச்சு இல்ல, அதேதான். நாற்பதுன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா முதல்லயே சொல்லியிருப்பேன். அம்மா வாழ்க.

லூப் எப்படி மாட்டுதுன்னு நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். எட்டு பார் போடறாங்க. கோடு கடைசிக்குப் போய் முதலுக்குத் திரும்புது. அதையே இருநூறு தரம் கேட்டா காது அதை முடிஞ்ச பாட்டுன்னு நம்பிடும். அதுக்கு மேல என்ன வந்தாலும் ஒட்டாத மாதிரி இருக்கும். ரெண்டாவது பகுதிக்கு வேற மெட்டு வேணும், வேற சுரத்துல இறங்கணும்னு கை போகாது. அதனால என்ன பண்றாங்க? ஒரு டிராக்கை நிறுத்தி ஒரு டிராக்கைச் சேக்கறாங்க. அதுக்குப் பேரு அரேஞ்ச்மென்ட். குழாயைத் திறந்து மூடறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொண்ணு. ஸ்பாடிஃபைல 30 செகண்ட் கேட்டாத்தான் ஒரு தரம் கேட்டதாக் கணக்கு. அதனால முகப்பு இசை போச்சு, எடுத்த எடுப்புல கோரஸ். பாட்டு வாசல்லயே நின்னு கையைப் பிடிச்சு இழுக்குது. உள்ள போனா வீடு இல்ல, வாசல் மட்டும்தான்.

கிரிட்வாசி:
பன்னெண்டு பாரைச் சுத்திச் சுத்தி வந்த ப்ளூஸ்காரங்க எல்லாம் லூப்தானே? அதுக்கு என்ன தீர்ப்பு? பத்தடிக்கு இன்னும் பதில் இல்லைங்கறதையும் ஞாபகப்படுத்தறேன்.

கேபிள்_சுருட்டி:
பதினொன்றேகால்.

தோல்_குச்சி:
ப்ளூஸ்ல பன்னெண்டு பாரும் திரும்பி வரும்போது அதே ஆள் வேற மாதிரி வாசிப்பான். காப்பி பண்ணி ஒட்ட மாட்டான். அங்கதான் என் பத்து மில்லிசெகண்ட் இருக்கு. இப்பவாவது புரியுதா?

புரியலைன்னா ஒரு கதை சொல்றேன். ஒரு ரெக்கார்டிங். யார், எங்கேன்னு கேக்காதீங்க. மூணு மணி நேரம் வாசிச்சேன். அன்னைக்கு ஸ்னேர் தோலை நானே மாத்தினது. விளிம்புல எட்டு திருகையும் ஒவ்வொண்ணா முறுக்கி, ஒரு விரலை நடுவுல வச்சுக்கிட்டு ஓரத்துல தட்டித் தட்டி, எட்டு இடத்துலயும் ஒரே சத்தம் வர்ற வரைக்கும் முக்கால் மணி நேரம். ரிங் கொஞ்சம் அதிகமா இருந்துச்சு, கர்ச்சீப்பை மடிச்சு ஓரமா டேப் போட்டு ஒட்டினேன். ஹெட்போன்ல தாளம் சொல்ற கிளிக். மூணாவது டேக் எனக்கே சிலிர்த்துச்சு.

பாட்டு வந்தப்ப கேட்டேன். அடி ஒவ்வொண்ணும் கோட்டு மேல. சரி, அது தெரிஞ்சதுதான். ஆனா ஸ்னேர் என் ஸ்னேரே இல்ல. நான் அடிச்ச இடத்துல எல்லாம் வேற எவனோ எப்பவோ அடிச்ச ஒரே அடியை ஒட்டியிருந்தாங்க. பேரு மட்டும் என் பேரு. அடுத்த தரம் கூப்பிட்டது எதுக்கு தெரியுமா? பாட்டு வாசிக்க இல்ல. மெதுவா, நடுத்தரமா, பலமான்னு ஒவ்வொரு டிரம்மையும் ஒவ்வொரு அடி அடிச்சுக் கொடுக்க. ஒரு அடி, சத்தம் அடங்கற வரைக்கும் மூச்சு விடாம உக்காரணும். அடுத்த அடி. நாள் முழுக்க. அதுக்கப்புறம் கூப்பிடவே இல்ல. எதுக்குக் கூப்பிடணும், நான்தான் அவங்க ஹார்ட் டிஸ்க்லயே இருக்கேனே.

சரணம்_இரண்டு:
அண்ணா, உங்கள் கோபம் பத்து மில்லிசெகண்ட் மேல் இல்லை போல.

தோல்_குச்சி:
பத்து மில்லிசெகண்ட் மேலதான்.

கிரிட்வாசி:
வருத்தமான கதைதான் சார், மறுக்கல. ஆனா கிளிக் போட்டு வாசிச்சேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. கோட்டைக் காதுல மாட்டிக்கிட்டு வாசிச்சவர் கோட்டைத் திட்டறது எந்த ஊர் நியாயம்? 1982ல பிரிட்டன்ல இசைக்கலைஞர் சங்கத்தோட லண்டன் கிளை சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் தடை பண்ணணும்னு தீர்மானமே போட்டுச்சு. அடுத்த வருஷமே மின்வாத்தியங்களையும் கம்ப்யூட்டரையும் ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கற மிடி வந்துச்சு. தீர்மானம் எங்க, மிடி எங்க? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னாளாம்.

தோல்_குச்சி:
யாருக்கு ஆடத் தெரியாது? குச்சி பிடிச்சிருக்கியா நீ? வா, கிளிக் இல்லாம நாலு நிமிஷம் வாசி. முடிவுல வேகம் எங்க இருக்குன்னு பாப்போம். போன தடவை எம்பி3 சண்டையில "அப்புறம் வரேன்"னு போனவன் இன்னும் வரல.

கேபிள்_சுருட்டி:
மிடி பேச்சு வந்ததால் ஒன்று. கோட்டின் மேலேயே விழுகிறது என்பதும் முழு உண்மை இல்லை. மிடி கேபிளில் நொடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்துக்கு மூன்று பைட், தொடக்க பிட் முடிவு பிட் சேர்த்து முப்பது பிட். அதாவது கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட். பத்து விரலையும் சேர்த்து அழுத்தினால் பத்தாவது சுரம் போய்ச் சேரும்போது பத்து மில்லிசெகண்ட் ஆகியிருக்கும். டிரம்மர் தேடுகிற உயிர் அங்கே இருக்கலாம்.

கிரிட்வாசி:
ரன்னிங் ஸ்டேட்டஸ்னு ஒண்ணு இருக்கு சார். முதல் பைட்டைத் திரும்ப அனுப்ப வேண்டாம். ஏழு மில்லிசெகண்டுக்குள்ள பத்தும் போயிடும். "ஏறக்குறைய"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அதுவும் இல்லாம இப்ப எவன் அந்த அஞ்சு முள் கேபிளை வச்சிருக்கான்?

கேபிள்_சுருட்டி:
நான் வைத்திருக்கிறேன். பதினாறு.

ஹெட்போன்பிள்ளை:
பெரியவங்க மன்னிக்கணும். சோகமா ஒரு பாட்டு, பெண் குரல், வயலின்னு ஏஐக்கு ரெண்டு வரி தட்டினா ஒரு நிமிஷத்துல முழுப் பாட்டு வருது. டிரம்மர், புரோகிராமர், பாடறவங்க யாருமே வேணாம். இதுல பத்து மில்லிசெகண்ட் யாருக்கு வேணும்?

கிரிட்வாசி:
அது பாட்டே இல்ல. மத்தவங்க பாட்டை அரைச்சுப் பிழிஞ்சது. அதுல ஒரு தேர்வாவது நீ பண்ணியா? ஒரு அடியையாவது கையால நகர்த்தினியா?

தோல்_குச்சி:
நேத்து நான் சொன்னதை இன்னைக்கு நீ அப்படியே சொல்ற தம்பி.

கிரிட்வாசி:
ரெண்டும் வேற.

தோல்_குச்சி:
எப்படி வேற?

நடுநிலைநாயகம்:
இதற்குத்தான் நான் முதலிலேயே "கம்ப்யூட்டர் இசை" என்றால்...

கிரிட்வாசி:
நாயகம் சார், ஒரு நிமிஷம். நான் ஒவ்வொரு ஹைஹாட்டையும் கையால நகர்த்தறேன். அடியோட பலம் 1லேர்ந்து 127 வரைக்கும் இருக்கு, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வைக்கறதில்ல. ராத்திரி மூணு மணி வரைக்கும் ஒரு ஷேக்கருக்காக உக்காந்திருக்கேன். அதை இந்தப் பையன் தட்டற ரெண்டு வரியோட சேர்த்தா எனக்குக் கோபம் வராதா?

செவ்வியன்:
"தட்டச்சு செய்யும் இரண்டு வரி."

தோல்_குச்சி:
மூணு மணி வரைக்கும் உக்காந்து நீ தேடறது என்ன? நான் சொன்ன அந்தப் பத்துதானே?

கிரிட்வாசி:
பேச்சை மாத்தாதீங்க. பத்தடிக்குப் பதில் சொல்லுங்க.

தோல்_குச்சி:
நாளைக்குக் காலையில ரெக்கார்டிங், தூங்கப் போறேன்.

கிரிட்வாசி:
கிளிக் உண்டா?

தோல்_குச்சி:
உண்டு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நீ முதல்ல பதினொன்னேகால்னு திருத்து.