தொட்டியில் காபி சக்கை: தண்ணீர் இறங்கவில்லை, இலை மஞ்சளாகிறது

கொத்தமல்லி:
12 அங்குலத் தொட்டிகளில் தக்காளி, கத்தரி. டிகாக்‌ஷன் இறக்கிய சக்கையை வாரம் இரண்டு கைப்பிடி மேலே தூவுகிறேன். மேல்மண் தகடு மாதிரி இறுகி, தண்ணீர் ஓரமாக வழிந்துவிடுகிறது. வெள்ளைப் பூஞ்சை வேறு. அடி இலைகள் மஞ்சளாகின்றன. அமிலத்தன்மைதான் காரணமா? சுண்ணாம்பு போடலாமா?

மண்வெட்டி:
சுண்ணாம்பு வேண்டாம். அமிலத்தில் பெரும்பகுதி டிகாக்‌ஷனோடு போய்விடும். சக்கையின் பிஹெச் (அமில-கார அளவு; 7 என்றால் நடுநிலை) பெரும்பாலும் 6.5ஐ ஒட்டியே இருக்கும். சக்கை மிக நைசான துகள். ஈரத்தோடு படிந்து காய்ந்தால் தண்ணீர் புகாத ஓடாகிவிடும். அதில் எடைக்கு ஏறக்குறைய 2 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) உண்டு, ஆனால் நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகுதான் வேருக்குக் கிடைக்கும். அதுவரை அவை மண்ணில் இருக்கும் தழைச்சத்திலும் பங்கு கேட்கும். அடி இலை முதலில் மஞ்சளாவது பெரும்பாலும் இதனால்தான்.

ஓட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேல் 2 செ.மீ. மண்ணை வேர் அறுபடாமல் கிளறுங்கள். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றித் தொட்டியை அரை மணி நேரம் அதில் வையுங்கள்; அடித்துளை வழியே மண் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு நன்கு மட்கிய தொழுவுரம் இரண்டு கைப்பிடி. அந்தப் பூஞ்சை செடியைத் தாக்காது, சக்கையைத் தின்ன வந்தது.

சருகு:
சக்கை போக வேண்டிய இடம் கம்போஸ்ட் தொட்டி. கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது: சக்கை 1, காய்கறிக் கழிவு 1, காய்ந்த இலை 3. பழுப்பு நிறத்தைப் பார்த்துப் பலர் இதைச் சருகுக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் சுமார் 20:1 என்பதால் இது காய்கறிக் கழிவைப் போலத் தழைச்சத்து மிகுந்த பச்சைக் கழிவுதான். பிழிந்த துணியளவு ஈரம், வாரம் ஒரு கிளறல். அம்மோனியா வாடை அடித்தால் சருகு போதவில்லை. மண்வாசனை வந்த பிறகே செடித் தொட்டிக்கு. காகித வடிகட்டியைக் கிழித்து அப்படியே போடலாம்.

கொத்தமல்லி:
நாற்றுத் தட்டில் சக்கை கலக்கலாமா? நத்தைக்கும் தூவச் சொல்கிறார்களே?

மண்வெட்டி:
நாற்றுக்குக் கூடவே கூடாது. மிஞ்சிய காஃபீனும் பினாலிக் சேர்மங்களும் முளைப்பையும் இளவேரையும் தடுக்கும். நத்தையைக் கொல்ல 1–2 சதவீதக் காஃபீன் கரைசல் தேவை. நாலு தரம் நனைந்த சக்கையில் அந்த வீரியம் ஏது? இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள்.

சருகு:
வீட்டில் நாய் இருந்தால் மேலாகத் தூவவே வேண்டாம். காஃபீன் அதற்கு நஞ்சு. கம்போஸ்ட் தொட்டிக்கும் மூடி போடுங்கள்.