ஓகஸ்டில் சிவனொளிபாதமலை: திருகோணமலையிலிருந்து போகலாமா?

பாலையூற்றுக்காரன் கேட்டது:

வணக்கம். வரும் ஓகஸ்ட் விடுமுறையில் அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு சிவனொளிபாதமலை ஏறலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு 63 வயது. சீனி, பிரஷர் ஒன்றும் இல்லை. கோணேசர் கோயில் ஏற்றத்தை என்னைவிட வேகமாக ஏறிவிடுவார். மகனுக்கு 11.

ஓகஸ்ட் என்று முடிவு செய்ததற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. இங்கே அப்போது மழை என்ற பேச்சே கிடையாது, கடல் குளம் போலக் கிடக்கும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. மார்கழியில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது யாருக்கு மலை ஏற மனம் வரும்?

வேன்காரர் ஒருவர், "சீசன் இல்லாவிட்டால் கூட்டமும் இல்லை, அதுதான் வசதி" என்கிறார். அலுவலகத்தில் ஒருவர், "உமக்கென்ன பைத்தியமா?" என்கிறார். எந்த மாதத்தில் பாதை எப்படி இருக்கும் என்று ஏறியவர்கள் சொல்லுங்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, நாட்டின் இரண்டாவது உச்சியான கிரிகல்பொத்தைக்கும் போக ஆசை. 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலைதான் நாட்டின் உச்சி என்றாலும், அங்கே நம் இஷ்டத்துக்கு நடந்து ஏற விடமாட்டார்கள் என்பது தெரியும்.

ஓய்வுபெற்ற தபால்காரன்:

தம்பி, அலுவலகத்துக்காரர் சொன்னதுதான் சரி. வேன்காரருக்கு வாடகை ஓட வேண்டும், அவ்வளவுதான். நானும் உங்களைப் போலவே திருமலை வெயிலைப் பார்த்து மலைக்கு நாள் குறித்தவன். 2012 ஜூலை. இருபத்தெட்டு வருடம் சைக்கிள் மிதித்துத் தபால் கொடுத்த கால்கள் எதையும் ஏறும் என்ற திமிர் வேறு.

வீட்டை விட்டுப் புறப்பட்டபோது கச்சான் காற்று முகத்தைச் சுட்டது. கண்டி கடந்து, நாவலப்பிட்டி கடந்து, கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் கண்ணாடிகளை இழுத்து மூடினார்கள். வட்டவளையில் எதிரே வரும் லொறியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஏனென்றால் நம்மைச் சுடுகிற அதே காற்றுதான் அது. தென்மேற்கிலிருந்து கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து, மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து, வைத்திருந்ததையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு சூடேறி நம் பக்கம் இறங்குகிறது. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. நமக்கு ஏறக்குறைய 1,600. அதிலும் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். நமக்குக் கச்சான் என்றால் அவர்களுக்கு அடைமழை, நமக்கு வாடை என்றால் அவர்களுக்கு யாத்திரைக் காலம்.

மலை அடிவாரமான நல்லதண்ணியில் ஒரே ஒரு கடை திறந்திருந்தது. வழியிலுள்ள கடைகளில் கம்புகளும் கிழிந்த தறப்பாளும்தான் மிச்சம். மின்விளக்கு இல்லை. இரவு இரண்டு மணிக்கு நானும் நண்பரும் ஆளுக்கொரு டோர்ச்சோடு நடந்தோம். ஜப்பான் விகாரை வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் போனோம். படிகள் செங்குத்தாகத் தொடங்கிய பிறகு மழைநீர் படிக்குப் படி குதித்து எங்களுக்கு எதிரே இறங்கி வந்தது. காலை எடுத்து வைத்தால் சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்து கணுக்கால் வழியாக வெளியேறும். நண்பரின் குடை ஒரே அடியில் மேல்நோக்கி மலர்ந்து, கம்பி மட்டும் கையில் நின்றது. மகாகிரிதம்பை என்ற செங்குத்து ஏற்றத்துக்குக் கொஞ்சம் கீழே, கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தும் காற்று என்னைப் பக்கவாட்டில் தள்ளியது. திரும்பிவிட்டோம்.

கடைக்கு வந்து காலுறையைக் கழற்றினேன். நூல் கண்களுக்குள்ளால் நுழைந்த அட்டைகள் விரல் இடுக்குகளில் உளுந்து போலத் திரண்டு கிடந்தன. இடது காலில் மட்டும் இருபத்திமூன்று. கடைக்கார அம்மா உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "கூட்டம் இல்லை என்று யாராவது சொல்லியிருப்பார்களே?" என்று கேட்டார்.

அடுத்த பெப்ரவரியில் அதே படிகளில் சாரத்தோடு ஏறினேன். அடிவாரத்திலிருந்து உச்சி வரை விளக்கு, காய்ந்த படி, அரை மணிக்கு ஒரு தேநீர்க் கடை. விடியலில் மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே விழுவதையும் பார்த்தேன்.

மாதக் கணக்கு கேட்டீர்கள். டிசெம்பரில் உந்துவப் போயாவுக்கு, அதாவது அந்த மாதப் பௌர்ணமிக்கு, தொடங்கும் யாத்திரை மே மாதம் வெசாக் போயாவோடு முடியும். தொடக்கத்தில் இடையிடையே மழை இருக்கும். ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவு. ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வரும், ஆகவே நண்பகலுக்கு முன் கீழே இறங்கிவிட வேண்டும். மே கடைசி முதல் செப்டெம்பர் வரை நான் மேலே சொன்ன கதைதான். ஒக்டோபர், நவம்பரிலும் விளக்கு இல்லை, பிற்பகல் மழை உண்டு, அட்டையும் உண்டு. எந்த மாதமானாலும் புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மலையைவிட மலைக்குப் போகும் வீதிதான் அடிக்கடி சரிகிறது.

மஸ்கெலியாப் பெடியன்:

தபால்கார ஐயா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்கு மிச்சம் வைத்தது நேரக் கணக்கு.

நல்லதண்ணிப் பாதையில் 5,000 படிகளுக்கு மேல். ஒரே உயரத்தில் இருக்காது. சில படி சாண் உயரம், சில படி முழ உயரம். புதிதாக வருகிறவர்கள் வேகமாக ஏறி அதிகாலை நான்கு மணிக்கே உச்சியில் நிற்பார்கள். சூரியன் பெப்ரவரியில் ஆறு இருபதுக்குப் பிறகுதான். நனைந்த சட்டையோடு இரண்டு மணி நேரம் அந்தக் காற்றில் நடுங்க வேண்டும். 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். இந்த மலை 2,243 மீற்றர். உங்கள் ஊரைவிடப் பதினான்கு பாகை குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள், காற்று தனி. அம்மாவுக்கு மாற்றுச் சட்டை ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கடைசிக் கடையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்து நேரத்தைக் கடத்திவிட்டு ஏறுங்கள்.

போயா நாளிலும் சனி, ஞாயிறிலும் வரவே வேண்டாம். ஒரு படியில் அரை மணி நேரம் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. இறங்கும்போது முழங்கால் கேட்கும் கேள்விக்குப் பதில் ஒரு ஊன்றுகோல்.

நுவரெலியா மருமகள்:

நான் திருமலை உவர்மலைப் பிள்ளை, வாழ்க்கைப்பட்டது இங்கே. அண்ணா, கிரிகல்பொத்தைக்குத் திருமலைக் கணக்கைத் தலைகீழாக்கினால் மட்டும் போதாது. ஹோர்ட்டன் சமவெளி நடுவில் இருப்பதால் நம் வாடை மழையும் அங்கே எட்டிப் பார்க்கும். டிசெம்பரில் சிவனொளிபாதத்தில் நட்சத்திரம் தெரிகிற நாளில் இங்கே மூடுபனியும் தூறலுமாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒத்துவருவது பெப்ரவரி, மார்ச்.

உயரம் 2,388 மீற்றர், போக மட்டும் ஏழு கிலோமீற்றர். முதலில் புல்வெளி, அதிகாலையில் உறைபனி பூத்து வெள்ளையாக இருக்கும், மிதித்தால் நொறுங்கும். பிறகு காடு. காய்ந்த மாதத்திலும் கறுப்புச் சேறு கணுக்காலை இழுக்கும். மரைகளின் குளம்புத் தடத்தைப் பாதை என்று நினைத்து வழி தவறியவர்கள் உண்டு. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பனிமூட்டம் ஏறிவிடும் என்பதால் காலை ஆறு மணிக்கே நுழைவாயிலில் நிற்க வேண்டும். சிவனொளிபாதம் ஏறி இறங்கிய மறுநாள் பதினொரு வயதுப் பிள்ளையையும் அம்மாவையும் அங்கே இழுத்துப் போகாதீர்கள். பட்டிப்பொல பக்கத்தால் வந்தால் தொட்டுபொல கந்த இருக்கிறது. 2,357 மீற்றர், நாட்டின் மூன்றாவது உச்சி, ஆனால் வீதியிலிருந்து இரண்டு கிலோமீற்றர்கூட வராது. மகன் தன் வகுப்பில் பெருமையடிக்க அது போதும்.

பாலையூற்றுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வேன்காரரிடம் ஓகஸ்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முகம் கறுத்துவிட்டது. பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் லீவு கேட்க வேண்டும். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: சிவராத்திரிக்கு அவர் கோணேசர் கோயிலில் இருக்க வேண்டும், அந்த வாரம் எந்த மலைக்கும் வரமாட்டாராம். கம்பளித் தொப்பி போடச் சொன்னதற்கு, "கோணமலையில் அடிக்காத காற்றா?" என்று கேட்கிறார். பதினான்கு பாகைக் கணக்கை வாசித்துக் காட்டினேன். தொப்பி வாங்கச் சம்மதித்துவிட்டார்.

தபால்கார ஐயா, மகனுக்கு ஒரு சந்தேகம். உச்சியில் எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை மணி அடிக்க வேண்டுமாம். பாதியில் திரும்பியவர்கள் எப்படி அடிப்பது என்று கேட்கிறான்.

ஓய்வுபெற்ற தபால்காரன்:

நான்கு முறை அடித்திருக்கிறேன். 2012-ஐச் சேர்க்கவில்லை என்று பேரனிடம் சொல்லுங்கள்.