வண்ணத்தாளா, இயைநிறத் தாளா?

வணக்கம் நண்பர்களே,

அருங்காட்சியகப் பொருள்களின் கிழிசலையும் ஓட்டையையும் சரிசெய்யப் பயன்படும் நிறமேற்றிய தாளுக்கு ‘வண்ணத்தாள்’ என்ற சொல்லே போதும் என்று நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. வண்ணத்தாள் என்றதும் பிள்ளைகள் வெட்டி ஒட்டும் பளிச்சென்ற சிவப்பும் பச்சையும்தான் கண்முன் வருகின்றன. பழம்பொருள்களைப் பழுதுபார்த்துக் காக்கும் பேணுநர் கையில் இருப்பது அதுவல்ல. நீளமான இழைகள் கொண்ட மெல்லிய ஜப்பானியத் தாளை எடுத்து, நீர்க்கக் கரைத்த அக்ரிலிக் வண்ணத்தைப் பூசி, காயவைத்து, பழுதான பொருளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, போதவில்லை என்றால் மறுபடி பூசுகிறார்கள். ஈரத்தில் அடர்ந்து தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறிவிடும், அதனால் ஒரே பூச்சில் அமைவது அரிது. விளக்கொளியில் பொருந்திய நிறம் பகல் வெளிச்சத்தில் விலகி நிற்பதும் உண்டு, இரண்டிலும் பார்த்தாக வேண்டும்.

‘சாயத்தாள்’ என்று இன்னொருவர் சொன்னார். அதுவும் ஒத்துவராது. சாயம் நீரில் கசியலாம், ஒளியில் வெளுக்கலாம். காய்ந்த அக்ரிலிக் நீரில் திரும்பக் கரையாது, பசை தடவும்போது நிறம் பொருளின் மேல் இறங்காது. இந்த முறையின் உயிரே அதுதான்: நிறம் தாளோடு நிற்கிறது, பொருளைத் தொடுவதே இல்லை. நாளைக்கு வேறொருவர் பிரித்தெடுக்க நினைத்தால் தாளோடு நிறமும் போய்விடும்.

அப்புறம் ‘ஒத்தநிறத் தாள்’. கிட்டத்தட்ட வந்துவிட்டோம், ஆனால் ‘ஒத்த’ என்பது அச்சு அசலாக ஒன்றுபோல் என்று பொருள் தருகிறது. பேணுநர் அப்படிச் செய்வதில்லை. தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணை ஒட்டு இழுக்கக் கூடாது, குனிந்து உற்றுப் பார்ப்பவருக்கோ எது பழையது, எது புதியது என்று தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் அது ஏமாற்று. பல இடங்களில் மூலத்தைவிட ஒரு சாயல் மங்கலாகவே நிறமேற்றுகிறார்கள். ஒத்திருப்பது வேறு, இயைந்திருப்பது வேறு. ஆகவே என் முன்மொழிவு ‘இயைநிறத் தாள்’. இயைபுத் தொடை படித்த எவருக்கும் இயைபு புதிதல்ல. ஊறுகாய் போல வினைத்தொகையாகவும் அமைகிறது: இயைந்த, இயைகின்ற, இயையும் நிறம். ஒட்டிய அன்றைக்கு மட்டும் இயைந்தால் போதாதே! ‘இசைநிறம்’ நாவுக்கு எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இசை என்றதும் பாட்டுப் பக்கம் மனம் போய்விடுகிறது.

ஒட்டுக்கே இரண்டு சொல் வேண்டும். ஒரு பழைய கூடையை நினைத்துப் பாருங்கள். பின்னிய கீற்று ஒன்று முறிந்து, இரு முனைகளும் விலகி நிற்கின்றன. இதற்குப் பின்னால் ஒட்டும் தாளைக் கத்தரியால் வெட்டக் கூடாது. நனைந்த தூரிகையால் கோடிழுத்து அந்த ஈரத்தில் இழுத்துப் பிய்த்தால் ஓரம் முழுக்க மயிர்போல் இழைகள் நீட்டிக்கொண்டு நிற்கும், அந்த இழைகள்தான் பசையோடு படிந்து பிடித்துக்கொள்ளும், விளிம்பும் மேடாகத் தெரியாது. அந்தத் துண்டைக் கீற்றின் பின்புறம் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டினால் முறிவைத் தாங்குகிறது, அது ‘தாங்கொட்டு’. கீற்றே காணாமல் போயிருந்தால் தாளை முறுக்கியோ மடித்தோ கீற்றாக்கி அந்த இடைவெளியில் பின்னிச் செருகுகிறார்கள், அது ‘நிரப்பொட்டு’. பூச்சி அரித்த இறகுக்கும் தாளை இறகு வடிவில் வெட்டி, ஓரத்தை நுணுக்கமாகக் கீறி நிரப்பொட்டு இடலாம்.

‘ஒட்டு’ என்றால் பிரிக்க முடியாதது என்று தோன்றாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒட்டுமாங்கன்றில் பிரிக்க முடியாதுதான். துணியில் போட்ட ஒட்டைத் தையல் பிரித்து எடுத்துவிடலாமே, நாம் அந்த ஒட்டைப் பிடித்துக்கொள்வோம்.

கடைசியாக, ஆங்கிலத்தின் organic என்பதற்கு வழங்கும் ‘கரிமப் பொருள்கள்’ என்ற சொல்லை இந்தத் துறையில் விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. வேதியியல்படி பிளாஸ்டிக்கும் கரிமம்தான். இங்கே பேச்சு மரம், நார், தோல், இறகு, கொம்பு, மரப்பட்டைத் துணி என்று செடிகொடியிலிருந்தும் விலங்கிலிருந்தும் வந்தவற்றைப் பற்றி. ‘உயிர்வழிப் பொருள்கள்’ என்றால் விளக்கமே வேண்டாம். பசிபிக் தீவுகளின் தாப்பா துணியும் பெரும்பாலும் காகித மல்பெரி மரத்தின் உட்பட்டையை அடித்துச் செய்வது, ஜப்பானியத் தாளின் கோசோ நாரும் அதே பேரினத்து மரத்திலிருந்து வருவதே. உறவுக்காரத் தாளை வைத்து உறவுக்காரத் துணியைச் சரிசெய்கிறார்கள்!

ஒரு பதிவேட்டு வரியாக எழுதிப் பார்த்தேன்: “இடது ஓரக் கிழிசலுக்கு இயைநிறத் தாளில் தாங்கொட்டு இடப்பட்டது, இரு ஓட்டைகளுக்கு நிரப்பொட்டு.” எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. சத்தமாக வாசித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.