வெளிநாட்டில் டீச்சர் வேலைக்குப் பதிவு பண்ணப் போன அனுபவம்: நம்ம மலைக்காரங்க சொல்லுங்க

கோத்தகிரி கணக்கு டீச்சர்

ஆஸ்திரேலியாவுல டீச்சர் வேலைக்கு நம்ம படிப்பைச் சரிபார்க்கிற ஏஐடிஎஸ்எல் அமைப்புகிட்ட மதிப்பீடு போட்டவங்களுக்குத் தெரியும், பி.எட். காலத்துல மேற்பார்வையில வகுப்பு எடுத்தது குறைஞ்சது 45 நாள்னு காலேஜ் கடிதம் வேணும். நான் படிச்சது 2006-07, கோயம்புத்தூர்ல, அப்ப இருந்த ஒரு வருஷ பி.எட். பி.எஸ்சி. மூணு, பி.எட். ஒண்ணு, ஆக நாலு வருஷப் படிப்பு. அதுல குறை இல்ல. நாள்கணக்குலதான் மாட்டினேன்.

2019-ல போனேன். ஆபீஸ்ல இருந்த பெரியவர் நூல் கட்டின நீள ரிஜிஸ்டர் ஒண்ணை எடுத்துப் பிரிச்சார். என் பேருக்கு நேரா கட்டம் கட்டமா தேதி, கைடு டீச்சரோட சுருக்கொப்பம். ஒன்பது வாரம் போட்டிருந்தாங்க, 45 வரணும். அஞ்சு கட்டத்துல சிவப்பு மையில கோடு. மூணு மழை லீவு. மத்த ரெண்டும் அந்த அக்டோபர்ல நடந்த உள்ளாட்சித் தேர்தல், ஸ்கூல் வாக்குச்சாவடியா இருந்துச்சு. மிச்சம் 40.

அவர் சொன்னார்: "மழையன்னிக்கு நீ ஸ்கூல் வரைக்கும் வந்துட்டுத்தானம்மா திரும்பிப் போயிருப்ப? 45-ன்னே போட்டுடறேன்."

வந்தேன்தான். அதுல ஒரு நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பைதாகரஸ் தேற்றம் வரைஞ்ச சார்ட்டைச் சுருட்டி எடுத்துட்டு வந்து வராந்தாவுல நின்னேன், ஸ்கெட்ச் மை கரைஞ்சு கையெல்லாம் பச்சை. லீவுன்னு வாட்ச்மேன் சொல்லி அனுப்பிட்டார்.

பெரியவர் பேனா மூடியைக் கழட்டி வெச்சுட்டு என் முகத்தையே பாத்துட்டு இருந்தார். நான் உடனே வேண்டாம்னு சொல்லல. வெளிய ஒரு பஸ் வந்து நின்னு கிளம்பிப் போற நேரம் வரைக்கும் வாயைத் திறக்கல. அதுதான் இன்னிக்கும் உறுத்துது. அப்புறம்தான், இருக்கிறதையே எழுதுங்க சார்னேன். 40-ன்னு எழுதி சீல் வெச்சுக் கொடுத்தார். அதை நான் எங்கயும் அனுப்பல.

குன்னூர் இயற்பியல்

அக்கா, அனுப்பாம விட்டதுதான் தப்பு. முடியாதுன்னு அவங்க சொல்லட்டுமே, நாமளே ஏன் சொல்லிக்கணும்? 40 நாள் கடிதத்தை வெச்சு, மேல என்ன காட்டலாம்னு மெயில்ல கேட்டு எழுத்துல பதில் வாங்கியிருக்கலாம். எங்க செட்டுக்கு இந்தக் கஷ்டம் இல்ல. 2015-க்கு அப்புறம் பி.எட். ரெண்டு வருஷம் ஆயிடுச்சு, இன்டர்ன்ஷிப்பே 16 வாரம்.

என் கதை சின்னது. டிகிரியில இனிஷியலோட என் பேரு. பாஸ்போர்ட்ல அப்பா பேரு குடும்பப் பேரா ஏறியிருக்கு. ஆன்லைன் நேர்காணல்ல ஒரு மணி நேரமும் என்னை அப்பா பேரைச் சொல்லியே கூப்பிட்டாங்க. அப்பா இறந்து நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி கழிச்சுத்தான் என்னால பதில் சொல்ல முடிஞ்சது.

அதனால எல்லாருக்கும் சொல்றேன், முதல்ல பேரைச் சரி பண்ணுங்க. பத்தாவது மார்க் ஷீட், டிகிரி, பி.எட்., அனுபவச் சான்று, பாஸ்போர்ட் அஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் ரெண்டும் ஒரே ஆள்தான்னு நோட்டரிகிட்ட அஃபிடவிட் எடுத்து வெச்சுக்கோங்க. அனுபவச் சான்றுல சேர்ந்த தேதி, விலகின தேதி, எடுத்த பாடம், வகுப்பு, முழுநேரமா இல்லையா, எல்லாம் இருக்கட்டும். "நன்னடத்தை உள்ளவர்"னு ரெண்டு வரி எழுதித் தர்ற சான்று எதுக்கும் ஆகாது.

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை மார்க் ரெண்டு வருஷம்தான் செல்லும். பேப்பரெல்லாம் கைக்கு வந்த பிறகு எழுதுங்க. ஆஸ்திரேலியா மதிப்பீட்டுக்கு வாசிக்க, எழுத 7, கேட்க, பேச 8. பேச்சுக்கு 8 வாங்குறது நம்ம டீச்சர்ங்க நினைக்கிற மாதிரி சுலபம் இல்ல. பரீட்சைக்குக் கோயம்புத்தூர் போறதுன்னா முந்தின நாளே மலை இறங்கிடுங்க. பர்லியார் பக்கம் மரம் விழுந்தா கதை முடிஞ்சுது.

வளைகுடா போறவங்க, அப்போஸ்டில் முத்திரை வாங்கிட்டோம்னு உக்காந்துடாதீங்க. அந்த முத்திரையை ஏத்துக்கிற நாடுங்களோட ஒப்பந்தத்துல எமிரேட்ஸ் இல்ல. சென்னையில மாநில அரசு, அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அவங்க தூதரகம்னு வரிசையாப் போகணும். வரிசை மாறினா திரும்ப முதல்ல இருந்து.

பெருமாள்மலை

தம்பி, நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா டீச்சர் கேட்டது பேப்பர் யோசனை இல்ல. அந்த ஒரு நிமிஷத்தைப் பத்திப் பேசுறாங்க.

எனக்கும் ஒண்ணு இருக்கு. வளைகுடா வேலைன்னு மதுரையில ஒரு ஏஜென்ட். ரெண்டு லட்சம் கேட்டார், ஒன்றரை கொடுத்தாச்சு. ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அவர்கிட்ட. எட்டு மாசம் சத்தமே இல்ல. நேர்ல போய் உக்காந்தப்ப என் கவரைத் தேடி இரும்பு அலமாரியோட இழுப்பறையை இழுத்தார். உள்ள ரப்பர் பேண்டு போட்டுப் போட்டு அடுக்கியிருக்கு, அத்தனையும் டீச்சர்ங்க சர்டிபிகேட். மேல இருந்த கட்டுல என்கூட பண்ணைக்காட்டுல படிச்ச பொண்ணோட பத்தாவது மார்க் ஷீட். கணக்குல 98. அவ எதையும் தொலைக்கிற ஆள் இல்ல.

என்னோடதை வாங்கிட்டு வந்துட்டேன். அவளோடதைக் கேக்கணும்னு அப்ப தோணல. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போதுதான் தோணுச்சு. அன்னிக்கே அவளுக்குப் போன் போட்டேன், நம்பர் மாறிப்போச்சு.

பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அரசோட இ-மைக்ரேட் தளத்துல ஏஜென்ட் பேரு இருக்கான்னு பாத்துட்டுப் பணம் கொடுங்க. எனக்கு அப்ப யாரும் சொல்லல.

மஞ்சூர்

நியூசிலாந்து. படிப்பு மதிப்பீடு, ஐஈஎல்டிஎஸ்ல நாலுலயும் 7, போலீஸ் சான்று எல்லாம் முடிச்சு, ஒரு பள்ளியில நேர்காணலும் கிடைச்சுது. அவங்களுக்குக் காலை 10 மணி, எனக்கு ராத்திரி இரண்டரை. டிசம்பர் பனி. பிள்ளைங்க எழுந்துடக் கூடாதுன்னு சமையல் கட்டுல லேப்டாப், காலடியில கரி அடுப்பு.

முதல்ல அவங்க தங்களை அறிமுகப்படுத்திக்கிட்டாங்க. அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிங்க முறையில முதல்ல "என் மலை இது, என் ஆறு இது"ன்னு சொல்லி, குலத்தைச் சொல்லி, கடைசியிலதான் தன் பேரு. மூணு பேரும் அப்படிச் சொல்லிட்டு, இப்ப நீங்க சொல்லுங்கன்னாங்க.

நான் பேரு, படிப்பு, 11 வருஷ அனுபவம், கிராமம், அஞ்சல், மாவட்டம்னு மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சேன். அவங்க சிரிச்ச முகமாத்தான் கேட்டாங்க. வேலை கிடைக்கல. அதுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல வரல.

ஆனா நான் படுகர் வீட்டுப் பிள்ளை. எங்க ஹட்டியில, அதாவது ஊர்ல, புதுசா யாராச்சும் வந்தா எந்த ஊரு, யாரு வீடுன்னு கேட்ட பிறகுதான் பேரைக் கேப்பாங்க. லேப்டாப்பை மூடிட்டுக் கதவைத் திறந்தா கீழ குந்தா அணையில நிலா வெளிச்சம் கிடக்கு. என் மலையும் என் ஆறும் வாசல்லயே இருக்கு. கேட்டவங்ககிட்ட நான் அதைச் சொல்லல.

குன்னூர் இயற்பியல்

அண்ணா, அங்க ஆசிரியர் தர நெறிகள்லயே மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் 1840-ல போட்ட வைதாங்கி ஒப்பந்தம் வருது. அதைப் படிச்சுட்டுத்தான் உக்காரணும். இனிமே போறவங்க...

மஞ்சூர்

படிச்சிருந்தேன் தம்பி. வருஷம், கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் தெரியும். அதை அவங்க கேக்கல.

பந்தலூர் அறிவியல்

2023 பிப்ரவரியில இருந்து இங்கிலாந்துல நம்மளும் க்யூடிஎஸ்ங்கிற ஆசிரியர் தகுதிக்கு நேரடியா விண்ணப்பிக்கலாம்னு வந்துச்சு இல்லையா. இந்தியாவுல படிச்சவங்கன்னா கணக்கு, அறிவியல், மொழிப் பாடம், 11-ல இருந்து 16 வயசுப் பிள்ளைங்களுக்கு எடுக்கிற தகுதி. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்ல. எனக்குக் கிடைச்சுது. கிடைச்சா விசா கிடைச்ச மாதிரின்னு இங்க பலர் நினைக்கிறாங்க, அது வேற. பள்ளிக்கூடம் ஸ்பான்சர் பண்ணணும்.

ஒரு பள்ளியில வீடியோ நேர்காணல். பாடம், லேப், வகுப்புக் கட்டுப்பாடு எல்லாத்துக்கும் நல்லாத்தான் சொன்னேன். கடைசியா தலைமை ஆசிரியை கேட்டாங்க: "ஒரு பிள்ளை வந்து, சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கன்னா என்ன செய்வீங்க?"

நான் தயங்கவே இல்ல. சத்தியம் பண்ணுவேன், பிள்ளை என்னை நம்பித்தானே வருதுன்னேன்.

எழுதிட்டு இருந்த பேனா நின்னுடுச்சு. அவங்க கோபப்படல, பொறுமையா விளக்கினாங்க. அங்க எந்த ஆசிரியரும் அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது. "உன் பாதுகாப்புக்குத் தேவைன்னா நான் சொல்லித்தான் ஆகணும்"னு பிள்ளைகிட்டயே முதல்ல சொல்லிட்டு, கேட்டதை அன்னிக்கே எழுதி, அதுக்குன்னு பள்ளியில இருக்கிற பொறுப்பாளர்கிட்ட ஒப்படைக்கணும். அவங்க பேசிட்டே இருக்காங்க, எனக்குக் காது அடைச்சுப் போச்சு.

ஏன்னா அந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்ல. நாலு வருஷம் முன்னாடி எட்டாவதுல ஒரு பையன், எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டுப் பிள்ளை. மத்தியானம் லேப்ல யாரும் இல்லாதப்ப வந்து சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். பெல்ட் பக்கிள் தோல்ல அப்படியே சதுரமாப் பதிஞ்சிருந்துச்சு, ரெண்டு இடத்துல. சத்தியம் கேட்டான். பண்ணினேன். மருந்து வாங்கிப் போட்டு விட்டேன், தினமும் மத்தியானம் என் சாப்பாட்டுல பாதி கொடுத்தேன். 1098-ன்னு குழந்தைங்க உதவிக்கான நம்பர் அவன் பாடப் புத்தகத்தோட அட்டையிலேயே இருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. அதை நல்ல வாத்தியாருக்கு அடையாளம்னு நினைச்சிருந்தேன்.

கோத்தகிரி கணக்கு டீச்சர்

சார், படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியல. நம்ம பி.எட்.ல உளவியல் தாள்ல எத்தனையோ படிச்சோம், இதை ஒருத்தரும் சொல்லித் தரல. அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?

பந்தலூர் அறிவியல்

ஒன்பதாவதோட நின்னுட்டான் டீச்சர். திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான்னு சொன்னாங்க. நேர்காணல் முடிஞ்ச வாரம் அவங்க அம்மாவைக் கொழுந்து எடை போடுற இடத்துல பாத்தேன். அவங்களே வந்து பேசினாங்க. "போன்ல உங்களைப் பத்தித்தான் சார் சொல்லுவான். எங்க சார் யார்கிட்டயும் சொல்லல, அவர் மாதிரி வாத்தியார் யாரும்மா இருக்கான்னு சொல்லுவான்"னாங்க.

எனக்குப் பேச்சு வரல. எடை போட்ட மூட்டையைத் தலையில ஏத்தி விடுங்க சார்னாங்க. ஏத்தி விட்டேன்.