1986-இல் மணிலாவில் டாங்கிகள் சுடாமல் நின்றது ஏன்?

கேள்வி:
வணக்கம். இருபது ஆண்டுகள் பிலிப்பைன்ஸை ஆண்ட அதிபர் மார்கோஸ், நான்கே நாள் போராட்டத்தில், 1986 பிப்ரவரி 25 இரவு மாளிகையை விட்டு வெளியேறினார். எட்சா சாலையில் திரண்ட மக்கள்மீது ராணுவம் ஏன் சுடவில்லை?

மறுமொழி 1:
ராணுவமே பிளவுபட்டிருந்தது. இளம் அதிகாரிகள் தீட்டிய ஆட்சிக் கவிழ்ப்புச் சதி அம்பலமானதால்தான், பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் துணைத் தளபதி ராமோஸும் பிப்ரவரி 22 அன்று எட்சா சாலையோர ராணுவ முகாமுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அறவழிப் புரட்சியாகப் போற்றப்படும் நிகழ்வின் தொடக்கம் இதுதான் என்பது பலருக்கு உவப்பாக இராது.

மறுமொழி 2:
அது உண்மையே, ஆயினும் அந்தச் சிறு கூட்டத்தைக் காத்தவர்கள் மக்களே. மணிலாவின் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் சின், வெரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியில் விடுத்த அழைப்பைக் கேட்டுக் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், மறுநாள் டாங்கிகளுக்கு முன்னே ஜெபமாலையுடன் மண்டியிட்டும், வீரர்களுக்கு உணவும் பூவும் நீட்டியும் வழிமறித்தார்கள். அதற்கும் முன்பே, அம்மாதம் நடந்த அதிபர் தேர்தலின் வாக்கு எண்ணிக்கையில் முரண்பாடு கண்ட கணினிப் பணியாளர்கள் 30-க்கும் மேற்பட்டோர் வேலையைத் துறந்து வெளிநடப்புச் செய்ததை மறக்கலாகாது.

மறுமொழி 3:
பிப்ரவரி 24 அன்று, தாக்க அனுப்பப்பட்ட ஹெலிகாப்டர்கள் எதிரணியின் முகாமிலேயே இறங்கிச் சேர்ந்துகொண்டன. ராணுவத் தலைமைத் தளபதி வெர் தாக்குதலுக்கு அனுமதி கோரியதையும் மார்கோஸ் மறுத்ததையும் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அது மனிதநேயமா, உலகம் பார்க்கிறது என்ற அச்சமா? இரண்டாவதே என்பது என் கருத்து.